போன் நல்லாத்தான் இருக்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நிறையப் பேரிடம் இரண்டு போன் இருக்கும். பெரிய போனை வீட்டில் வைத்துவிட்டு, சின்ன பட்டன் போனை வேலைக்கு எடுத்து வருவார்கள். கேமரா உள்ள போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். பட்டன் போன் என்றால் செக்யூரிட்டி அதைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் கண்ணாடிப் பொட்டு இல்லையென்றால் உள்ளே விட்டுவிடுவார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டெல்லாம் இல்லை. எனக்கு ஒரு பட்டன் போன், என் கணவருக்கு ஒரு பட்டன் போன். இரண்டையும் ஒரே நாளில், ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் அவருடையதில் என் மகள் நகப்பாலீஷ் வைத்து ஒரு புள்ளி போட்டுக் கொடுத்தாள்.

அந்த போனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று போகும். மூன்றையும் பொறுக்கிச் சேர்த்தால் மறுபடி பேசும். ஒருமுறை சார்ஜ் போட்டால் அதை மறந்தே போகலாம். மேலே டார்ச் உண்டு. ரேடியோ உண்டு. மணி அடித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

நான் ஸ்விட்ச் பெட்டிகள் பொருத்துகிற கம்பெனியில் பகல் வேலை. அவருக்கு இரும்புக் கம்பி தயாரிக்கிற மில்லில் பெரும்பாலும் இரவு வேலை. பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டை உருளைகளுக்கு நடுவே நுழைந்து கம்பியாக வெளியே வரும் இடத்தில் நிற்பார். அவருக்கு டிபன் பெட்டி கொடுக்க ஒருமுறை அந்த மில்லின் வாசல்வரை போயிருக்கிறேன். அங்கே டீக்கடையில் நிற்கிறவர்கள்கூடக் கையை ஆட்டித்தான் பேசிக்கொண்டார்கள். மதில் தாண்டி வந்த சத்தமே எனக்கு நெஞ்சில் இடித்தது.

அவர் வீடு திரும்பும் நேரத்தில் நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். நான் திரும்பி வந்து குழம்பை இறக்கும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் குடித்தனம் போனில்தான் நடந்தது. மத்தியானம் அவர் தூங்கி எழுந்து எனக்குப் போன் செய்வார். அது என் சாப்பாட்டு நேரம். கேண்டீனுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பேசுவேன்.

"இன்னாமே, சோத்த எங்க வச்சினு போன?"

"அடுப்பு மேலயே கீது மாமா. கொழம்ப சூடு பண்ணிக்கோ."

அவர் தூரத்து உறவில் எனக்கு மாமன் முறை. கல்யாணத்துக்குப் பிறகும் மாமா என்றே கூப்பிட்டு வந்தேன். நேரில் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை பேச அவருக்கு வராது. போனில் வரும். "பச்ச பொடவ கட்னு போனியாமே, பாப்பா சொல்லிச்சு. நான் வர்றதுக்குள்ள ஓடிட்ட" என்று ஒரு நாள் சொன்னார். கையில் இருந்த டிபன் பெட்டியோடு நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது.

பிறகு எப்போதென்று சரியாகச் சொல்ல முடியாது, அவர் போனைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"இன்னாமே வாய்க்குள்ளயே பேசற? சத்தமா பேசு."

நான் சத்தமாகப் பேசினேன். சிக்னல் சரியில்லை என்று நினைத்து மரத்தடியை விட்டு ரோட்டோரம் வந்து பேசினேன். கூட வேலை செய்கிற பெண்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்தார்கள். "கொழம்ப சூடு பண்ணு" என்று நான் சொன்னதற்கு, "பழமா? பழம் எங்க கீது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த போனு ஒரே பேஜாரா பூடுச்சி" என்று வைத்துவிட்டார்.

மில்லின் தூசி ஸ்பீக்கரில் அடைத்துக்கொண்டிருக்கும் என்று ஊசியால் குத்திப் பார்த்தார். அதே கடையில் கொடுத்து ஸ்பீக்கரை மாற்றினார். இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார். பிறகு அந்த போனையே தூக்கிப் போட்டுவிட்டு அதே மாதிரி இன்னொன்று புதிதாக வாங்கினார். புதிதும் அப்படித்தான் என்றார். கடைக்காரன் ஏமாற்றுகிறான், டூப்ளிகேட் மாலைத் தள்ளிவிடுகிறான் என்று கத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பார். பொறுமையான மனிதர். போனைக் கழற்றிப் பார்த்தார், மாட்டினார், தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "அக்கா, நீங்க ரோட்டுக்கு அந்தாண்ட போயி உங்க போன்லேர்ந்து கூப்புடுங்க" என்றார்.

நான் ரோட்டைத் தாண்டி ஒரு பேக்கரி வாசலில் நின்று கூப்பிட்டேன். கடைக்காரர் எடுத்தார்.

"பேசுங்கக்கா."

"கேக்குதா?" என்றேன்.

"சூப்பரா கேக்குதுக்கா. இருங்க, அண்ணன் கைல தரேன்."

போன் அவர் கைக்கு மாறியது. நடுவே ஷேர் ஆட்டோக்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் இடைவெளியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. "மாமா, கேக்குதா?" என்றேன். அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். "மாமா, நான் பேசறது கேக்குதா?" என்றேன். அவர் கடைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. கடைக்காரர் குனிந்து, அவர் காதோடு இருந்த போனுக்குப் பக்கத்தில் தன் காதைக் கொண்டுபோனார். நான் மறுபடி பேசினேன். கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவர் பார்வை எனக்குப் புரிந்துவிட்டது.

நான் திரும்பிப் போனபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "போன் நல்லாத்தான் இருக்குக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"இன்னா சொல்றான்?" என்று என் கணவர் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஒரு கருவியை மாட்டிப் பரிசோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையை மடிமேல் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பையன் மாதிரி அவர் காத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை எப்போதாவதுதான் எழுந்தது.

டாக்டரம்மா என்னிடம்தான் விளக்கினார். சத்தத்திலேயே இருந்து நரம்பு செத்துவிட்டது, இதற்கு மருந்து கிடையாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். "மெல்லிய குரல்தான் மொதல்ல போகும்மா. பொம்பளைங்க குரல், கொழந்தைங்க குரல். ஆம்பளைங்க கனமா பேசினா இன்னும் கொஞ்ச நாள் கேக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அவர், "இன்னா சொன்னாங்க?" என்றார். தாழ்வாரம் நிறைய ஆட்கள். ரகசியமாகச் சொல்ல வழியில்லை. நான் கத்திச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

மில்லில் காதை அடைக்க ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு கொடுப்பார்கள். அவர் அதை ஒழுங்காகப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "அத்த வச்சிகினா கிரேன்காரன் கத்தறது கேக்காது. தல மேல வந்து உயுந்தா நீ வந்து தூக்குவியா?" என்றார்.

காதில் மாட்டும் மெஷின் கிடைத்தது. மில்லுக்குள் அதைப் போட்டால் இடிச் சத்தத்தை இன்னும் பெரிதாக்கிக் கொடுத்தது. தலைவலி தாங்கவில்லை. வீட்டில் போட்டாலும் சத்தம்தான் பெரிதானது, பேச்சு பிரிந்து கேட்கவில்லை. தவிர, காது கேட்காதவன் என்று தெரிந்தால் காண்டிராக்டர் மறுநாளே நிறுத்திவிடுவான். அந்த காண்டிராக்டரிடம் அவருடைய ஊர்க்காரர்களும் வேலை செய்தார்கள். ஊரில் ஒருவருக்குத் தெரிந்தால் மில்லுக்குத் தெரிந்துவிடும். "யாருகிட்டயும் வாயத் தொறக்காத. என் அண்ணன்கிட்டகூட" என்று என்னிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் காது கேட்கிறவராக நடிக்கக் கற்றுக்கொண்டார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தார். மில்லில் எல்லோரும் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வார்கள் என்பதால் அங்கே அவருக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் போனில்தான். போனில் உதடு இல்லை. மணி அடிப்பது கேட்காது, சட்டைப் பையில் அதிர்வதை வைத்து எடுப்பார். எடுத்து, "ஆங்... ம்... சரி... சரி, வச்சிரு" என்பார். எந்தப் பேச்சுக்கும் அது பொருந்தியது. சரி என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடும்போதும், சில நாள் அப்படியே எனக்கும் சொன்னார். நான் எதுவும் கேட்டிருக்கவே மாட்டேன். "சரி, சரி" என்று வரும்.

மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். எங்கள் போனில் தமிழ் எழுத்து இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். எட்டாவதோடு நிறுத்தியவர், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். 'சாப்டியா' என்பதைப் படித்து முடித்து, பதில் அடிக்காமல், வீட்டுக்கு வந்தபின் வாயால் பதில் சொல்வார். "சாப்டேன்" என்று, நான் கேட்டதையே மறந்துவிட்ட பிறகு.

அவருடைய அண்ணன் திருவாலங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று, அறுப்பு, வரப்பு என்று உழைத்த மனிதர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அவர்தான். எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்ததும் அவர்தான். அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, திருவள்ளூருக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோதே குரல் அடங்கி, பேசினால் பாதி காற்றாகத்தான் வந்தது.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்ததும் என் கணவர் சொன்னார்.

"அண்ணன் போன் பண்ணாரு."

"இன்னா சொன்னாரு?" என்று எதிரில் நின்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறாராம். பாப்பாவ விசாரிச்சாரு."

நான் நம்பினேன். கனமான ஆண் குரல் இன்னும் கேட்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரே.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் என் போனுக்குத் தகவல் வந்தது. பெரியவர் போய்விட்டார். என் கணவர் அப்போதுதான் மில்லிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் என்று மட்டும் கேட்டார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து அந்த ஊருக்குப் போக அரை நாள் ஆகிவிடும். பஸ், மறுபடி பஸ், திருவள்ளூரில் ரயில். வழி முழுக்க அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகப் போய் அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார். தன் அழுகை எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

என் ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, என் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றாள். "ஞாயித்துக்கெயம வரேன்னு சொன்னானே உன் ஊட்டுக்காரன், அப்ப வர்றதுக்கு இன்னா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருகிட்டக்கா சொன்னாரு?"

"அவருகிட்டதான். என்னைய நம்பர் போட்டுக் குடுக்கச் சொல்லி அவரே பேசினாரு. 'ஒடம்பு ரொம்ப முடியலடா, ஒருதரம் வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போடா, ஞாயித்துக்கெயம வா'ன்னாரு. இவன் 'சரிண்ணா, சரிண்ணா'ன்னான். நான் பக்கத்துலதான் கீறேன், என் காதால கேட்டேன். ஞாயித்துக்கெயம வெள்ளன எழுந்து தாடி வழிக்கச் சொன்னாரு. சட்ட மாத்திக்கினாரு. அவன் வரட்டும், சேந்து துன்னலாம்னு நாஷ்டாகூட துன்னாம குந்திகினு இருந்தாரு. சாயங்காலம் வரிக்கும் வெளியவே பாத்துகினு இருந்தாரு. 'லீவு குடுத்துருக்க மாட்டான்'ன்னு எனக்கு சமாதானம் சொல்றாரு மனுசன்."

அவள் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். அப்படியே சொல்லிக்கொண்டே திரும்பி என் கணவரைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு தம்பியா?" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டும் பேசாமல் இருக்கிறான், கல் நெஞ்சுக்காரன் என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம், அவருக்குக் காது போய்விட்டது என்று. அவருடைய மில்காரர்கள் இரண்டு பேர் மாலையோடு பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று.

அடக்கம் முடிந்து திருவாலங்காடு ஸ்டேஷனுக்கு வந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரயில் வர நேரம் இருந்தது. மகள் தண்ணீர் பிடிக்கப் போனாள். அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணி ஏன் என்கிட்ட மூஞ்சி குடுக்கல?" என்று கேட்டார். ஸ்டேஷன் முழுக்கக் கேட்டிருக்கும். பிளாட்பாரத்தில் அதே சாவுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நான் கத்திச் சொல்ல முடியாது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். மெசேஜ் எழுதும் இடத்தைத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். ஒரு எழுத்துக்கு ஒரே பட்டனை மூன்று முறை, நான்கு முறை அழுத்த வேண்டும். 'அண்ணன் உன்ன ஞாயித்துக்கிழமை வரச்சொன்னார். நீ சரின்னு சொன்ன. அவர் பாத்துக்கினே இருந்தார்.' அதற்குமேல் அடிக்க என்னால் முடியவில்லை. போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் விரலை ஒவ்வொரு எழுத்தின்கீழும் வைத்துப் படித்தார். முடிவுக்கு வந்து, மறுபடி மேலே போனார். விளக்கு அணைந்துவிட்டது. ஒரு பட்டனை அழுத்தி, விளக்கு வந்ததும் மறுபடி படித்தார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலமே" என்றார். "காத்து மாதிரி வந்துச்சு. போன்ல அண்ணன் பேருதான் தெரிஞ்சிச்சு. நல்லா கீறியான்னு கேப்பாருன்னு நெனச்சேன். சரின்னா வச்சிருவாருன்னு..."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரயில் வந்ததும் ஏறிக்கொண்டோம்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, என்னிடம் சொல்லாமல் ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பிறகு ஒரு நாள் என்னைப் பார்த்தபோது சொன்னார். "அண்ணன் வந்து, போன்ல பேசுனது உள்ளாற இருக்குமா, எடுத்துக் குடுக்க முடியுமான்னு கேட்டாருக்கா. ரெக்கார்டிங் மொதல்லயே ஆன் பண்ணி வச்சிருந்தாதான் இருக்கும்னேன். அவரு கைல இருந்தத வாங்கிப் பாத்தேன். இல்ல." அவருக்கு எதற்கு அது, கிடைத்தாலும் யார் காதால் கேட்பார் என்று நான் நினைத்தேன். கடைக்காரரிடம் கேட்கவில்லை.

இவ்வளவு மறைத்தும் மில் வேலை தங்கவில்லை. அந்த வருஷம் எல்லோருக்கும் மெடிக்கல் பரிசோதனை வைத்தார்கள். காதையும் பார்த்தார்கள். கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். பிறகு வேறொரு கம்பெனியில் மதிலோரச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் போகிறார். அங்கே யாரும் அவரிடம் பேச வேண்டிய தேவையில்லை.

மில் வேலை போனபிறகுதான் ஊருக்கு உண்மை தெரிந்தது. நானே போய் ஓரகத்தியிடம் சொன்னேன். அவள், "மொதல்லயே சொல்லியிருந்தா அவனுக்கு வேற ஆள உட்டாவது சொல்லி அனுப்பியிருப்பேனே" என்றாள். பிறகு, "காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லணும். எதுக்கு சரின்னான்?" என்றாள். காபி கொடுத்தாள். வாசல்வரை வரவில்லை.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போனதும் தன் சம்பளத்தில் அவருக்கு ஒரு டச் போன் வாங்கி வந்தாள். வீடியோவில் உதட்டைப் பார்த்துப் பேசலாம், தமிழில் மெசேஜ் அனுப்பலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். நல்ல யோசனைதான். ஆனால் அவர் விரல் வைத்தால் அந்த போன் அசையவில்லை. இத்தனை வருஷம் சூட்டில் வெந்து வெந்து விரல் நுனித் தோல் தடித்துப் போயிருக்கிறது. தேய்த்துப் பார்த்தார், தண்ணீரில் நனைத்துப் பார்த்தார், விரலின் பக்கவாட்டால் தட்டிப் பார்த்தார். பத்து தடவைக்கு ஒரு தடவை திறந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். இப்போது அதை அவள்தான் வைத்திருக்கிறாள்.

பட்டன் போனை அவர் விடவில்லை. குளிக்கும்போது தவிர அது சட்டைப் பையில் இருக்கும். யாராவது கூப்பிட்டால் எடுத்து, பெயரைப் பார்த்து, அதிர்ந்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் இருந்தால் என்னிடம் நீட்டுவார். ஒரு பழக்கம் மட்டும் அடியோடு மாறிவிட்டது. காதில் விழாமல் சரி என்று அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. கடையில், பஸ்ஸில், எங்கேயும் ஒருவர் ஏதாவது சொன்னால், "எனக்குக் காது கேக்காது, எழுதிக் காட்டு" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறார். சொல்லும் விதம் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். ஆட்கள் விலகிப் போய்விடுகிறார்கள்.

இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் வேலை. ஒன்றாகவே வீட்டில் இருக்கிறோம். முன்னால் அதற்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறோம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என்னைப் பார்த்தபடியே இருப்பார், நான் ஏதாவது பேசினால் உதடு தவறிவிடக் கூடாது என்று. பேசத் தோன்றுவதெல்லாம் கத்திச் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. அதனால் சோறு வேண்டுமா, குழம்பு வேண்டுமா என்று கையால் கேட்கிறேன். அவரும் கையாலேயே போதும் என்கிறார்.